தராசில் ஏறிய வேன்

மணவாளன் மனிதர்களை நம்ப மாட்டார், தராசை நம்புவார். ஆரணியில் அவருக்குப் புடவை நெய்து கொடுக்கிற நெசவாளிகள் அத்தனை பேருக்கும் இது தெரியும். பட்டு நூலை எடை போட்டுக் கொடுப்பார். அது புடவையாகத் திரும்பும்போது எடை போட்டு வாங்குவார். குறைந்தால் நூலைத் திருடிவிட்டான். கூடினால் தண்ணீரோ கஞ்சியோ ஏற்றிவிட்டான். சரியாக இருந்துவிட்டால்தான் அவருக்கு உண்மையான கவலை வரும். இவ்வளவு சரியாக எப்படி இருக்கும் என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை போடுவார்.

கூடத்து உத்தரத்தில் பித்தளைத் தராசு தொங்கியது. ஊரே எலெக்ட்ரானிக் தராசுக்கு மாறிவிட்ட இரண்டாயிரத்து மூன்றாம் வருடத்திலும் அவர் மாறவில்லை. ரேஷன் சர்க்கரை, கத்திரிக்காய், பழைய பேப்பர், மாப்பிள்ளைக்கு எடுத்த மோதிரம் எல்லாம் அதில் ஏறி இறங்கியவைதான். அவர் மனைவி பரிமளாவுக்கு முதலில் மானம் போயிற்று, அப்புறம் பழகிப் போயிற்று. அந்த வீட்டுக்குள் எடை போடாமல் வந்தவை இரண்டே இரண்டு. ஒன்று அவள், இன்னொன்று வேன்.

வேனின் இரண்டு பக்கமும் 'மணவாளன் பட்டு மாளிகை' என்று எழுதியிருக்கும். மாளிகை என்பது அவர்கள் வீட்டு முன்னறை. அந்த வேன் ஆடி மாதத்தில் பேச ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கினால் 'கடக்', ஏறினால் 'முடக்', பிரேக் போட்டால் இரண்டும் சேர்ந்து. கதவுச் சத்தம் என்றார் மணவாளன். கதவைக் கயிறு போட்டுக் கட்டிய பிறகும் கேட்டபோது, ரோட்டுச் சத்தம் என்று சொல்லிவிட்டார்.

அப்படியே விட்டிருப்பார். ஆனால் மகள் கலையரசியைக் கொடுத்திருந்த செய்யாரில் அந்தச் சத்தம் சம்பந்தியம்மா கெங்கம்மாளின் காதில் விழுந்துவிட்டது. மாப்பிள்ளை குணா பாவம், கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய்க் கம்பெனி பஸ்ஸில் வருகிறவன். வாயைத் திறப்பதே கொட்டாவிக்குத்தான். அந்த வீட்டில் பேச்செல்லாம் கெங்கம்மாளுடையது. பிள்ளைத்தாச்சி மகளுக்குப் பலகாரம் எடுத்துக்கொண்டு இவர்கள் இருவரும் போயிருந்த அன்று, கோயில் வரைக்கும் விட்டுவிடுங்கள் என்று வேனில் ஏறினாள். இறங்கும்போது தாடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"சம்பந்தி, வளைகாப்பு முடிச்சி பொண்ண இதுலயா கூட்டிகினு போவப் போறீங்க? எனக்கே பல்லு ஆடுது. வண்டி சத்தம் நின்னா ராஜாவா கூட்டிகினு போங்க. நிக்கலையா, தலைப்பிரசவம் இங்கியே ஆவட்டும். நான் பாத்துக்கறேன்."

கலையரசி அம்மாவைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "எப்படியாவது கூட்டிகினு போயிடும்மா. இங்க பொரண்டு படுத்தா, ஏன் பொரண்டேன்னு கேக்கறாங்க. பொரளாம படுத்தா, ஏன் பொரளலேன்னு கேக்கறாங்க."

பரிமளாவுக்கு ஒரே பெண். முதல் பிரசவம். தன் கையால் பத்தியம் வைத்துக் கொடுக்காமல், யாரோ கொடுக்கிற கஷாயத்தைக் குடித்துக்கொண்டு அவள் அங்கே கிடப்பதை நினைக்கவே முடியவில்லை. வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்று திரும்பி வரும் வழியிலேயே சொல்லிப் பார்த்தாள்.

"சொந்த வண்டிய வெச்சிகினு வாடகைக் கார்லயா?" என்றார் மணவாளன். "மணவாளன் படுத்துட்டான்னு பெரணமல்லூர் வரைக்கும் பேசுவான். வண்டிய சரி பண்ணிக்கலாம், பேசாம வா."

பேசாமல் வந்தாள். வேன்தான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தது.

மறுநாள் மெக்கானிக் வண்டிக்கடியில் படுத்து, ஒரு கம்பியை விட்டு நெம்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். முன் சக்கரங்களைக் கீழிருந்து பிடித்துக்கொண்டிருக்கிற இரும்புக் கைகள் இரண்டும் போய்விட்டன. லோயர் ஆர்ம் என்று பெயர். ஒரு முனையில் ரப்பர் கிழிந்துவிட்டது, மறு முனையில் உருண்டை மூட்டு ஆடுகிறது. இரண்டையும் மாற்றினால் சத்தம் நிற்கும். மணவாளன் அவனிடம் சாமான் வாங்கும் பொறுப்பைக் கொடுப்பாரா? தானே வேலூருக்குப் போய் வாங்கி வந்தார். வந்தவர் மெக்கானிக்கிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பழசைக் கழட்டினதும் குடு. புதுசோட வெச்சி எடை பாத்துட்டு அப்புறம் பூட்டலாம்."

மெக்கானிக் சிரித்துவிட்டான். "இன்னா சார், கத்திரிக்காயா வாங்கிகினு வந்திருக்கீங்க?" என்றான். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். மணவாளன் வேனைத் திருப்பிக்கொண்டு, கடக் முடக் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். எடை போடக் கூசுகிறவன் என்னத்தை மறைக்கிறானோ, வேலையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

வீட்டில் பார்க்க ஆள் வேண்டுமே. பின்கட்டில் அவருடைய தறியில் நெய்கிற வீரபாகு இருந்தான். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு மாதம் செய்யார் போகிற தனியார் பஸ்ஸில் கிளீனராக இருந்தவன். அந்த இரண்டு மாதத்தை இருபது வருடமாகப் பேசிக்கொண்டிருப்பவன். "லோயர் ஆர்ம்தானே மொதலாளி? கண்ண மூடிகினு கழட்டுவேன்" என்று வந்தான். வேண்டாம் என்று சொல்லவும் அவனுக்கு வாயில்லை. போன ஐப்பசி மழையில் அவன் புடவை ஈரக்காற்றைக் குடித்து எடை கூடிவிட்டதற்காக, மணவாளன் ஒரு மாதம் அவனுக்கு நெய்யப் பாவு நூல் தராமல் தறியைச் சும்மா நிறுத்திவைத்திருந்தார். புள்ளைகுட்டிக்காரன். அன்று அவன் பெண்டாட்டி வந்து அழுததைப் பரிமளா இன்னும் மறக்கவில்லை.

காலையில் தெரு முழுக்கப் பாவு நீட்டியிருந்தார்கள். நூலுக்குக் கஞ்சி தோய்த்து, காய்ந்து, சுருட்டி எடுக்கும்வரை தெருவில் சைக்கிள்கூடப் போக முடியாது. அதனால் வேலை வெயில் ஏறித்தான் தொடங்கியது. ஜாக்கி போட்டுத் தூக்கி, பழைய தறிக்கட்டைகளை முட்டுக்கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினார்கள். பாவு சுருட்டியவர்களும் வந்து கூடிவிட்டார்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னான் ஒருவன். சுத்தியலால் தட்டச் சொன்னான் இன்னொருவன். முதலில் தேங்காய் உடைத்தீர்களா என்றான் மூன்றாமவன். மூன்றையும் செய்தார்கள். எதனால் போல்ட் கழன்றது என்று இன்றுவரை அந்தத் தெருவில் சண்டை.

கழற்றிய பழைய ஆர்ம் இரண்டையும் மணவாளன் கூடத்துக்கு எடுத்துப் போய் ஒரு தட்டில் வைத்தார். புதியவை இரண்டும் மறு தட்டில். பழைய தட்டு விறுவிறுவென்று கீழே இறங்கியது.

"பாத்தியா!" என்றார். குரலில் அத்தனை சந்தோஷம். "இரும்பைக் கொறைச்சிட்டான் வேலூர்க்காரன். இத நான் பூட்டமாட்டேன். திருப்பிக் குடுத்துட்டுத்தான் மறுவேலை."

வாசலில் கால் இல்லாமல் கட்டைமேல் நிற்கிற வேனைப் பரிமளா பார்த்தாள். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. இவர் வேலூருக்குப் போய்ச் சண்டை போட்டு வருவதற்குள் குழந்தையே பிறந்துவிடும்.

வீரபாகு தலையைச் சொறிந்தான். "மொதலாளி, பழசுல பத்து வருச சேறும் கிரீஸும் அப்பிகினு கீது. பசை எடுக்காத பட்டையும் பசை எடுத்த பட்டையும் எதிரெதிரா வெச்சி எடை பாப்பமா?"

மணவாளன் யோசித்தார். இது அவருக்குப் புரிகிற கணக்கு. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால் அதன் பசை போய், எடையில் கால்வாசி இறங்கிவிடும். உடனே சாயம் காய்ச்சுகிற அண்டா அடுப்பில் ஏறியது. சோப்பு, சோடா, அதற்கு நடுவில் இரண்டு சஸ்பென்ஷன் ஆர்ம். கொதிக்கக் கொதிக்க ரப்பர் நாற்றம் தெருக்கோடி வரைக்கும் போயிற்று.

"இன்னா கலரு போடறீங்க?" என்று எதிர்வீட்டில் இருந்து கேட்டார்கள்.

"கறுப்பு" என்றான் வீரபாகு, கோலால் கிளறிக்கொண்டே.

வெந்து வெளியே வந்தபோது பழைய இரும்பு பளபளவென்று இருந்தது. துடைத்துத் தட்டில் வைத்தார் மணவாளன். இந்த முறை புதிய தட்டு கீழே இறங்கியது. பழையதன் துருவும் கிழிந்த ரப்பரில் பாதியும் அண்டாவோடு போய்விட்டன. இறங்காமல் என்ன செய்யும்?

"ஏத்திட்டான்!" என்று துள்ளினார். "உள்ளே ஈயத்த கீயத்த ஊத்தி எடை ஏத்தியிருக்கான் திருட்டுப் பய."

பரிமளாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, கொறைஞ்சாலும் திருட்டு, கூடினாலும் திருட்டுன்னா அந்த ஆளு இன்னாதான் பண்ணுவான்?"

"சரியா குடுப்பான்" என்றார் மணவாளன். பிறகு பழைய ஆர்மைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எவ்ளோ ஷோக்கா கீது பாரு! இதையே பூட்டிடலாம். பேஜார் உட்டுது."

அதே கிழிந்த ரப்பர். அதே ஆடுகிற மூட்டு. அதே கடக், அதே முடக். கிணற்றடியில் நின்ற மகளின் முகம் பரிமளாவுக்குக் கண்முன் வந்தது. இந்த மனுஷனோடு வாதம் செய்து ஜெயித்தவர்கள் கிடையாது. இருபத்தைந்து வருடத்தில் அவர் அவள் பேச்சைக் கேட்டதில்லை, அந்தப் பித்தளைத் தட்டின் பேச்சைத்தான் கேட்டிருக்கிறார். சரி, அதுவே சொல்லட்டும் என்று ஒரே நொடியில் முடிவு செய்துவிட்டாள். அவளும் தறிக்காரன் மகள்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று தொடங்கினாள். அப்படித் தொடங்கினால்தான் அவர் காது திறக்கும். "ஆனா, வேகவெச்ச பட்ட சூட்டோட எடை போட மாட்டீங்களே? ஆறட்டும், ஆறட்டும்னு எல்லாரையும் திட்டுவீங்க. இத மட்டும் கொதிக்கக் கொதிக்க எடை போட்டா அது கணக்கா?"

மணவாளன் தட்டைப் பார்த்தார், இரும்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அது நியாயம்" என்றார். "சாப்ட்டுட்டு வந்து போடலாம்."

அன்று குழம்பில் அவள் கொஞ்சம் தாராளமாகவே எண்ணெய் விட்டிருந்தாள். சாப்பிட்டவர் ஈசிசேரில் சாய்ந்தார், குறட்டை வந்தது. வீரபாகு தன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தான். பரிமளா பின்கட்டுக்குப் போனாள். அவன் தறிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பால் பவுடர் டப்பா. ஜரிகைப் பூ எடுக்கிற ஜக்கார்டு நூல்கள் விறைப்பாக நிற்பதற்காக அவற்றின் அடியில் தொங்கவிடுகிற சின்னச் சின்ன இரும்புக் கம்பிகள் அதில் உதிரியாகக் கிடந்தன. கைப்பிடி அள்ளிக்கொண்டாள். லோயர் ஆர்ம் என்பது மடித்து ஒட்டிய தகடுதானே, மடிப்புக்குள் விரல் போகிற அளவு இடமிருந்தது. ஒரு பழைய ஆர்மின் மடிப்பில் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சொருகித் தராசில் வைத்துப் பார்த்து, இன்னும் இரண்டு சொருகி, கிரீஸை அப்பி அடைத்தபோது முள் சரியாக நடுவில் வந்து நின்றது. மேலே அண்டாவின் கரியைப் பூசினாள். எல்லாம் முடிந்து கையைக் கழுவும்போதுதான் செய்தது என்ன என்று அவளுக்கு உறைத்தது. இந்த வீட்டில் நகை திருடினால்கூட மன்னிப்பு உண்டு, எடையில் கைவைத்தால் கிடையாது.

மணவாளன் எழுந்து வந்து எடை போட்டார். முள் நடுவில் நின்றது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் தடவை போட்டார். தட்டு மாற்றி மூன்றாம் தடவை போட்டார். முள் அசையவில்லை.

"கம்பெனிப் பொருள்னா இதான்!" என்றார் கண்கலங்க. "ஒரு நூல் கூடலை, ஒரு நூல் கொறையலை. வீரபாகு, ஜல்தி! புதுச பூட்டு!"

பூட்டினார்கள். போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது சக்கரம் தரையில் நின்ற பிறகுதான் என்று வேலூர்க் கடைக்காரன் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தான். பாவை இறுக்காமல் தறியில் உட்காருவோமா என்று வீரபாகு அந்தரத்திலேயே முறுக்கித் தள்ளிவிட்டான். இறக்கினால் வேன் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நின்றது. மறுபடி தளர்த்தி, தரையில் நிற்கவைத்து, மண்ணில் படுத்துக்கொண்டு இறுக்கினார்கள். சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க, முன்னுக்கும் பின்னுக்கும் பட்டு நூல் பிடித்துப் பார்த்தார்கள். தெருமுனைப் பள்ளத்தில் ஏறி இறங்கியபோது வேன் மூச்சுக்கூட விடவில்லை. வீரபாகு மட்டும் சாயங்காலம் தறியில் உட்கார்ந்ததும், எண்ணி வைத்திருந்த டப்பாவிலிருந்து யாரோ கம்பிகளை எடுத்திருக்கிறார்கள் என்று தெருப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடிந்தது. கெங்கம்மாள் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, மடியில் வைத்துக்கொண்டு வேனின் முன் சீட்டில் ஏறினாள். "கோயிலைச் சுத்தி வாங்க சம்பந்தி" என்றாள். அந்தத் தெருவில் எங்கெங்கே பள்ளம் என்று அவளுக்கு அத்துப்படி; ஒன்று விடாமல் கைகாட்டினாள். திரும்பி வந்து இறங்கியபோது அவள் புடவை நனையவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"எப்படி சம்பந்தி?" என்றாள்.

"எடை போட்டுப் பூட்டினேன்" என்றார் மணவாளன். "முப்பது வருசமா என் தராசை ஒருத்தன் ஏமாத்தினதில்ல."

பரிமளா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கலையரசி கைநிறைய வளையலோடு வந்து ஏறி, அவள் தோளில் சாய்ந்து, செய்யார் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். ஆரணி வரும்வரை புரண்டு புரண்டு தூங்கினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பரிமளாவுக்கு அழுகை அழுகையாக வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

இதோடு விஷயம் முடிந்திருக்கும், மணவாளன் அந்தப் பழைய ஆர்மைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருந்தால். அவர் போடவில்லை. இரண்டில் ஒன்றை எடுத்து, 'சரி எடை' என்று மஞ்சள் பெயிண்டில் எழுதித் தராசுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டார். கரி படிந்திருந்த ஆர்ம்தான் ராசியானது என்று அதையே எடுத்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொன்னார். அரசாங்க முத்திரை குத்திய படிக்கல்லைவிட இது நம்பிக்கையானது என்று, நெசவாளிகளின் புடவைகளைக்கூட அதை வைத்து நிறுக்க ஆரம்பித்தார். வீரபாகு அடுத்துக் கொண்டுவந்த புடவைக் கட்டு அதில் கொஞ்சம் குறைந்தது. மணவாளன் அவன் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். குறைந்தது தான் சொருகிய கம்பிகளின் எடைதான் என்று பரிமளாவுக்குத் தெரியும்; அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கலையரசிக்குப் பையன் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, அங்கே சொன்ன எடையை மணவாளன் நம்பவில்லை. "அவங்க துணியோட சேத்து எடை போட்டிருப்பாங்க" என்றார். ஒரு தட்டில் பழைய வெள்ளை வேட்டியை நான்காக மடித்துப் பேரனைக் கிடத்தினார். மறு தட்டில் ஒரு படிக்கல்லும், ஆணியிலிருந்து எடுத்த ஆர்மும். கெங்கம்மாள் வந்திருந்தாள், புடவை கொடுக்க வந்த வீரபாகு வாசற்படியில் நின்றிருந்தான். முள் ஆடி ஆடி நடுவில் நின்றது.

"கம்பெனி எடை!" என்று கூவி, மணவாளன் பெருமையில் ஆர்மை ஒரு தட்டு தட்டினார்.

காய்ந்த கிரீஸ் பெயர்ந்தது. கம்பிகள் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்து, தட்டிலிருந்து தரையில் சிதறின. பேரனின் தட்டு மெல்லக் கீழே இறங்கியது.

மணவாளன் குனிந்து ஒரு கம்பியை எடுத்தார். இந்தத் தெருவில் பிறந்தவருக்கு அது என்ன என்று தெரியாதா? மெதுவாக வாசற்படிப் பக்கம் திரும்பினார்.

"இது உன் தறிக் கம்பி."

"மொதலாளி, சத்தியமா..." வீரபாகு கையிலிருந்த புடவையைப் படியில் வைத்தான். இன்னொரு ஐப்பசி அவன் கண்ணில் தெரிந்தது.

"நான்தாங்க வெச்சேன்" என்றாள் பரிமளா.

தராசுத் தட்டிலிருந்து பேரனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "எம் பொண்ணு வூட்டுக்கு வரணும், அதுக்காக வெச்சேன். நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. தராசு சொன்னா கேப்பீங்க. அதான் தராச சொல்ல வெச்சேன்."

மணவாளன் ஆடுகிற முள்ளைக் கையால் பிடித்து நிறுத்தினார். "அப்ப... என் தராசு பொய் சொல்லிச்சா?"

"தராசு எங்க பொய் சொல்லிச்சு? வெச்சதைச் சொல்லிச்சு. வெச்சது யாருன்னு அதுக்குத் தெரியுமா? இந்த வீரபாகு மழை ஈரத்துக்கு ஒரு மாசம் சும்மா குந்திகினு இருந்தாரே, அதையும் இதுதான் சொல்லிச்சு. நீங்களும் நம்பினீங்க."

கலையரசி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணவாளன் தரையில் உட்கார்ந்து சிதறிய கம்பிகளைப் பொறுக்கினார். எல்லாவற்றையும் உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டு, வீரபாகுவிடம் போய் நீட்டினார்.

"எண்ணிப் பாத்து வாங்கிக்க" என்றார், முப்பது வருடப் பழக்கத்தில். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "வேணாம், எண்ண வேணாம். எடுத்துகினு போ."

வீரபாகு எடுத்துக்கொண்டு போகவில்லை. அவர் எதிரிலேயே படியில் உட்கார்ந்தான். கம்பிகளைத் துண்டில் பரப்பி, ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணினான். எண்ணி முடித்து, நிமிர்ந்து, அவரை ஒரு பார்வை பார்த்தான்.

"ஒண்ணு கொறையுது மொதலாளி."

ஆர்மின் மடிப்பில் அது இன்னும் கிரீஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது பரிமளாவுக்குத் தெரிந்தது. சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மணவாளன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்காலிட்டு, பெஞ்சுக்கடியில் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்திருந்தார். கொஞ்ச நேரம் தேடட்டும் என்று அவள் பேரனை முதுகில் தட்டித் தூங்கவைத்தாள்.